பெரட்டுக் களமும் விருந்து மண்டபமும்: கெடாத் தோட்டப்புறக் குழந்தைமை நினைவுகளும் ஒன்றுகூடல் எழுத்தும்

முன்னுரை

மலேசியத் தமிழரிடையே கடந்த சில பத்தாண்டுகளாக ஒரு புதிய வழக்கம் வேரூன்றியுள்ளது. ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பின்னர்ப் பல நகரங்களுக்குச் சிதறிப்போனவர்கள் ஆண்டுக்கொரு முறையோ சில ஆண்டுகளுக்கொரு முறையோ கூடுகின்றனர். பெரும்பாலும் அத்தோட்டம் இன்றில்லை. எனவே கூடல் அருகிலுள்ள நகரத்து மண்டபமொன்றில் நிகழ்கிறது. கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களின் மக்கள் இவ்வகையில் கூடிவருவதை நாம் அறிவோம். இத்தகைய கூடல்களையொட்டி நினைவு மலர்கள் வெளியிடப்படுவதும் உண்டு. வாழ்த்துரைகள், குழுப் படங்கள், மறைந்தோர் பட்டியல் ஆகியவற்றுக்கிடையே முன்னாள் தோட்டவாசிகள் எழுதிய குழந்தைப் பருவ நினைவுக் கட்டுரைகள் இம்மலர்களில் இடம்பெறுகின்றன.

இவ்வெழுத்துகளை இலக்கியத் திறனாய்வு இதுவரை பொருட்படுத்தியதில்லை. இவற்றை எழுதுவோர் எழுத்தாளர் அல்லர். மலர்கள் கடைக்கு வருவதுமில்லை. கூடல் முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடுகின்றன. ஆயினும் தோட்டப்புற வாழ்வை வாழ்ந்தவர்களே தம் கையால் எழுதிய பதிவுகள் வேறு எங்கும் இந்த அளவில் இல்லை. இம்மலர்கள் எதை நினைவுகூர்கின்றன, எதைத் தவிர்க்கின்றன என்பதைக் கெடா மண்ணிலிருந்து எழுந்த சில நாவல்களோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகாமும் தோட்டமும்

தோட்டப்புறக் குழந்தைமையின் தனித்தன்மையை விளங்கிக்கொள்ள, அதே வட்டாரத்தில் நிலவிய மற்றொரு வகைக் குழந்தைமையை அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். கெடாவின் தெற்கெல்லைக்கு அண்மையிலுள்ள பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் 1950களின் பிற்பகுதியிலிருந்து 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. அப்படையினரின் பிள்ளைகளுக்கெனப் பினாங்கில் தனிப் பள்ளியும் இயங்கியது. அங்குப் படித்தவர்கள் இன்று முதியவர்களாகித் தம் நாட்டில் ஒன்றுகூடி, பினாங்கு வெயிலையும் கடற்கரையையும் தம் வீட்டில் வேலைசெய்த பெண்களையும் நினைவுகூர்கின்றனர். சுங்கைப்பட்டாணியிலோ 1951 முதல் 1971 வரை பிரிட்டிஷ் படையின் கூர்க்காப் பயிற்சி முகாம் இருந்தது. முகாமின் வேலிக்கு அப்பால், சிறிது தொலைவில் இரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன. அந்நிரைகளுக்குள்தான் தமிழ்க் குழந்தைகள் வளர்ந்தனர்.

படைமுகாமும் தோட்டமும் அமைப்பால் நெருங்கியவை. இரண்டிலும் நிலம் குடியிருப்போருக்குச் சொந்தமன்று. வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீடும் போகும். இரண்டிலும் பதவிக்கேற்பக் குடியிருப்பு வரிசை உண்டு. தோட்டத்தில் மேட்டில் துரை பங்களா, சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள், அதற்கும் கீழே கங்காணி வீடு, பள்ளத்தில் லயங்கள். இரண்டிலும் நாள் ஓசையால் அளக்கப்பட்டது. விடிவதற்கு முன் தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணியோசையும், அதைத் தொடர்ந்து ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் பெரட்டும் தோட்டப்பிள்ளைகளின் முதல் நினைவுகளில் அடங்கும். 'பெரட்டு' என்ற சொல்லே படையணி வகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இவ்வொற்றுமை மேலும் இறுகியது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்கீழ்ப் பல தோட்டங்களின் லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலி இடப்பட்டது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தன. அக்காலத்தில் பிறந்த தோட்டப்பிள்ளை பெயரளவிலன்றி உண்மையிலேயே ஒரு முகாமில் வளர்ந்தது எனலாம்.

எனினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. விமானப்படைப் பிள்ளைக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாடு இருந்தது. தளவாழ்வு அதற்குச் சில ஆண்டு வெளிநாட்டு அனுபவம். தோட்டப்பிள்ளைக்குத் தோட்டமே ஊர், அதுவே நாடு. பாட்டன் பிறந்த தமிழகக் கிராமம் அதற்குப் பெயரளவில் மட்டுமே தெரியும். ஆகவே தளம் மூடப்பட்டபோது ஒரு பிள்ளை இழந்தது இளமைக்காலத்து இடமொன்றை. தோட்டம் விற்கப்பட்டபோது மற்றொரு பிள்ளை இழந்தது சொந்த ஊரையே. 'ஒன்றுகூடல்' என்ற ஒரே சொல் இவ்விரு இழப்புகளையும் குறித்தாலும் இரண்டும் ஒன்றல்ல. தோட்டப்புற மலர்களை வெறும் பழைய மாணவர் சங்க மலர்களைப் போலப் படித்துவிடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மலர்களின் பொதுக்கூறுகள்

கண்ணில் பட்ட நினைவு மலர்களைத் தொகுத்துப் பார்க்கும்போது சில பொதுக்கூறுகள் புலப்படுகின்றன. முதலாவது, ஒழுங்கு. பெரும்பாலான கட்டுரைகள் ஒரு நாளின் வரிசையில் அமைகின்றன. விடியற்காலை மணி, அம்மா பால் வாளியும் காண்டாவுமாகப் புறப்படுதல், கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் விடப்படுதல், தமிழ்ப்பள்ளி, மாலையில் திடலில் பந்தாட்டம், இரவில் லயத்து வாசலில் பாட்டி கதை. ஓராண்டின் வரிசையில் அமையும் கட்டுரைகளும் உண்டு. அவற்றில் மாரியம்மன் கோயில் திருவிழாவே நடுநாயகம். திறந்தவெளியில் திரைகட்டிக் காட்டப்பட்ட படங்கள், தீபாவளிக்கு முன்பணம் பெறுதல், பள்ளி விளையாட்டுப் போட்டி ஆகியன அடுத்து வரும்.

இரண்டாவது, சொல்வளம். மங்கு, ஒட்டுப்பால், கோட்டுப்பால், தீம்பார், பாசாக் காடு, கித்தாக் கொட்டை எனப் புழக்கத்திலிருந்து மறைந்துவரும் சொற்கள் இம்மலர்களில் இயல்பாக வந்து விழுகின்றன. இவற்றுள் சில மலாய்ச் சொற்களிலிருந்து உருவானவை. சில தமிழ்ச் சொற்களுக்குத் தோட்டத்தொழில் தந்த புதுப்பொருள்கள். மொழியியல் நோக்கில் இவை அரிய தரவுகள். எழுதப் பழகாதவர்களின் கட்டுரைகளில்தான் இவை மிகுதி. பண்பட்ட நடையில் எழுதுவோர் இவற்றை நீக்கி 'இரப்பர்த் தோட்டம்', 'கிண்ணம்' எனப் பொதுச்சொற்களைக் கையாள்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது, முடிவு. ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளும் 'அந்தக் காலம் இனி வருமா?' என்னும் வினாவில் முடிகின்றன. வறுமை இருந்தது, ஆனால் ஒற்றுமை இருந்தது. வசதி இல்லை, ஆனால் அன்பு இருந்தது என்னும் எதிர்நிலை அமைப்பு இம்மலர்களின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. இந்த 'ஆனால்' என்னும் சொல்லைத்தான் திறனாய்வாளன் நிறுத்தி வினவவேண்டியுள்ளது. 'ஆனால்' என்பதற்கு முன்னுள்ள பகுதி எப்போதும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. பின்னுள்ள பகுதியோ பக்கக்கணக்கில் நீள்கிறது.

கிணறு இருந்த இடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு இத்தகைய கூடல் ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஏற்பாட்டாளர்கள் ஒரு பெரிய அட்டையைச் சுவரில் ஒட்டி, அழிந்துபோன தம் தோட்டத்தின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். முதியவர்கள் ஆளுக்கொரு எழுதுகோலை எடுத்துக்கொண்டு வரைந்தனர். பால் ஸ்டோர், கோயில், பள்ளி, ஒவ்வொரு லயத்திலும் யார் யார் வீடு என எல்லாம் வியக்கத்தக்க நுட்பத்தோடு வந்தன. ஒருவர் விட்டதை மற்றவர் நிரப்பினார். கிணற்றை வரையும்போது மட்டும் தடை ஏற்பட்டது. கிணறு மேட்டு லயத்தின் பின்புறம் இருந்தது என்றார் ஒருவர். இல்லை, பள்ளத்தில் இருந்தது என்றார் ஓர் அம்மையார். சிறிது நேரம் சென்றபின் அவரே, "ரெண்டு கிணறு இருந்துச்சு தம்பி. நாங்க அந்தக் கிணத்துப் பக்கம் வரமாட்டோம்" என்றார். மண்டபத்தில் ஓர் அமைதி நிலவியது. பிறகு யாரோ பழைய திரைப்பாடல் ஒன்றைத் தொடங்க, எல்லாரும் சேர்ந்துகொண்டனர். வரைபடத்தில் ஒரு கிணறு மட்டுமே இடம்பெற்றது. அடுத்து வந்த மலரில் அப்படமே அச்சாகியிருந்தது.

இந்நிகழ்ச்சியை யாரையும் குறைகூறுவதற்காக இங்குக் குறிப்பிடவில்லை. கூடலின் நோக்கம் கூடுவது. பிரித்ததை நினைவூட்டினால் கூடல் கெடும் என்ற அச்சம் இயல்பானதே. தோட்டங்களில் சாதிவாரியாக லயங்கள் பிரிக்கப்பட்டிருந்தமை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ள செய்தி. தோட்ட மக்களின் சமூக அமைப்பை நேரில் தங்கி ஆராய்ந்து ரவீந்திர கே. ஜெயின் 1970இல் வெளியிட்ட நூல் சாதி, உறவுமுறை, தலைமை ஆகியவற்றின் பின்னலை விரிவாகக் காட்டுகிறது. ஆய்வுநூலில் உள்ள இரண்டாவது கிணறு நினைவு மலரில் இல்லாமற்போவதே இங்குச் சிக்கல். அதைக் கண்டவர்களும் அதில் நீர் இறைத்தவர்களும் மறைந்தபின் மலர் மட்டுமே எஞ்சும். அப்போது ஒரு கிணறே வரலாறு ஆகிவிடும்.

கள்ளும் இத்தகையதே. மலர்களில் கள்ளுக்கடை நகைச்சுவைக் காட்சியாக மட்டும் வருகிறது. தள்ளாடி வரும் ஒரு மாமா, அவரைத் திட்டும் ஓர் அத்தை. ஆனால் அதே கெடா மண்ணில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு 1946-47இல் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தது. 1947இல் காவல்துறையோடு மோதல்கள் நிகழ்ந்து தொழிலாளர் உயிரும் பறிபோயிற்று. தம் பாட்டன்மார் தாமே முன்வந்து நடத்திய இப்போராட்டத்தை அவர்தம் பேரர்களின் மலர்கள் குறிப்பிடாதிருப்பது, நினைவு எவ்வளவு விரைவில் இனிமையாக்கப்படுகிறது என்பதற்குச் சான்றாகும்.

திரும்புதலின் பொருள்

கெடாத் தோட்டப்புறச் சூழலின் குழந்தைமையை எழுதிய முதன்மையான படைப்பாளிகளுள் கே.எஸ். மணியம் (1942-2020) ஒருவர். பீடோங்கில் பிறந்து, சிறிது காலம் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர்ச் சுங்கைப்பட்டாணி ஆங்கிலப் பள்ளியிலும் பயின்று, மலாயாப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர் இவர். 1981இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்' என்னும் ஆங்கில நாவல் இவரது இளமை வாழ்வைப் பெரிதும் தழுவியது. தமிழ்த்துறைகள் இந்நாவலை ஆங்கில இலக்கியம் என்று ஒதுக்கிவைத்தது பேரிழப்பு என்றே கூறவேண்டும்.

நாவலின் தலைப்பு 'திரும்புதல்' என்று பொருள்படும். கதைசொல்லியான ரவி ஆங்கிலக் கல்வியின் வழி மேலேறி, இங்கிலாந்து சென்று ஆசிரியராகத் திரும்புகிறான். ஆனால் அவன் திரும்பிவரும் இடத்தில் அவனுக்கு இடமில்லை. பாட்டி பெரியதாய் தமிழகத்திலிருந்து வந்து உழைத்துத் தான் வாழ்ந்த நிலத்தைத் தனதாக்கிக்கொள்ள முயன்று தோற்கிறாள். தந்தை தனக்குரிமையில்லாத நிலத்தில் வீடெழுப்பி, வெளியேற மறுத்து, இறுதியில் வீட்டோடு தீக்கிரையாகிறார். மூன்று தலைமுறைகளின் கதை 'நம் கால் நிற்கும் மண் யாருடையது?' என்ற ஒரே வினாவைச் சுற்றியே சுழல்கிறது.

ஒன்றுகூடல் மலர்களையும் இந்நாவலையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது ஓருண்மை புலனாகிறது. மலர்களை எழுதுவோரும் பெரும்பாலும் ரவியைப் போன்றவர்களே. கல்வியால் உயர்ந்து ஆசிரியராகவோ எழுத்தராகவோ வணிகராகவோ ஆனவர்கள். அழைப்பிதழ் சென்று சேரும் முகவரி உள்ளவர்கள். தோட்டம் விற்கப்பட்டபின் நகர்ப்புறப் புறம்போக்குக் குடிசைகளுக்கும் பின்னர் மலிவு விலை அடுக்கு வீடுகளுக்கும் சென்றவர்கள் மலர்களில் எழுதுவது அரிது. இவர்கள் குழுப் படத்தில் இருக்கலாம், கட்டுரையில் இல்லை. மணியம் தன் கதைசொல்லியின் உயர்வை அவன் தந்தையின் வீழ்ச்சிக்கு அருகிலேயே வைத்துக் காட்டினார். அந்த நேர்மைதான் மலர்களில் நாம் தேடுவது.

தமிழ் நாவல்களின் பங்கு

கெடாவைச் சேர்ந்த தமிழ்ப் படைப்பாளிகள் இத்துறையில் ஆற்றிய பங்கு குறிப்பிடத்தக்கது. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' (2006) தோட்ட மக்களின் பேச்சுமொழியை அதன் முழு வீச்சோடு கையாண்ட நாவல். மண்புழு மண்ணைக் கிளறி வளமாக்குகிறது. மண்ணுக்கு உரிமையாளன் ஆவதில்லை. தலைப்பிலேயே தோட்டத் தொழிலாளியின் நிலை அடங்கிவிடுகிறது. இவருக்கு 2017ஆம் ஆண்டின் விஷ்ணுபுரம் விருது தமிழகத்தில் வழங்கப்பட்டமை மலேசியத் தோட்டப்புற எழுத்துக்குக் கிட்டிய ஏற்பாகும்.

லூனாஸில் வளர்ந்த ம. நவீனின் 'பேய்ச்சி' (2019), 1981இல் அவ்வூரில் நிகழ்ந்த நச்சுச் சாராயச் சாவுகளைப் பின்புலமாகக் கொண்டது. காக்கும் தாயும் அழிக்கும் தாயும் ஒருத்தியே என்னும் நாட்டார் தெய்வக் கருத்து இதன் உயிர்நாடி. மலர்களில் நகைச்சுவையாக வரும் குடி இங்குச் சாவாக வருகிறது. மலர்களில் தியாகத்தின் வடிவமாக மட்டும் வரும் தாய் இங்குச் சினமும் ஆற்றலும் உடையவளாக வருகிறாள். இந்நாவல் 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சால் தடைசெய்யப்பட்டது. அதன் மொழி குறித்தும் காட்சிகள் குறித்தும் தமிழாசிரியர்களிடையேயே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்திற்குள் இக்கட்டுரை புகவில்லை. ஆயினும் ஒன்றைக் கூறவேண்டும். ஒரு சமூகம் தன் நினைவை மலர்களில் முற்றிலும் இனிமையாக்கி வைத்திருக்கும்போது, அதன் கசப்பை எடுத்துரைக்கும் படைப்பு இயல்பைவிடக் கூடுதலான அதிர்ச்சியைத் தருவது எதிர்பார்க்கத்தக்கதே.

ஏக்கத்தின் மதிப்பு

இதுவரை கூறியவற்றால் ஒன்றுகூடல் எழுத்து பொய்யானது என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. ஏக்கத்தை எளிதில் பழிப்பது திறனாய்வின் பழைய பிழைகளுள் ஒன்று. தோட்ட நிருவாகம் தொழிலாளியைச் செக்ரோலில் ஓர் எண்ணாக எழுதியது. மலர்களோ அவரைக் 'காண்டாக்கார மாமா' என்றும் 'ஆயாக் கொட்டகைப் பாட்டி' என்றும் உறவுமுறையோடு அழைக்கின்றன. வேலைக்காகக் கூட்டிவரப்பட்டவர்கள் தமக்குள் ஓர் ஊரை உருவாக்கிக்கொண்டனர் என்பதற்கு இவ்வுறவுச் சொற்களே சான்று. முகாமை ஊராக்கியது அம்மக்களின் சாதனை. அச்சாதனையை மலர்கள் சரியாகவே உணர்ந்துள்ளன.

மேலும் இவ்வேக்கத்திற்கு நிலம் சார்ந்த காரணங்கள் உள்ளன. 1950களிலும் 60களிலும் அயல்நாட்டு நிறுவனங்களின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பின்னர் இரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. அதற்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைவு. 1990களில் நிலம் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது இம்மாற்றத்தின் அடையாளம். தலைமுறைகளாக உழைத்த மக்கள் வெளியேறும்போது அவர்களுக்கு நிலத்தில் பங்கு இருக்கவில்லை. ஆகவே கூடல் என்பது உரிமை மறுக்கப்பட்ட ஊரின்மேல் மக்கள் கொண்டாடும் ஒரே உரிமையாக நிற்கிறது. 'அந்தக் காலம் இனி வருமா?' என்னும் வினாவுக்குள் 'அந்த இடம் ஏன் எங்களுக்கில்லை?' என்னும் வினா ஒளிந்துள்ளது. இரண்டாவது வினாவை எழுத்தில் கொண்டுவர மலர்கள் தயங்குகின்றன.

கூடல் மேடைகளில் கடாரத்தின் பழம்பெருமையும் 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழனின் படையெடுப்பும் தவறாது பேசப்படுகின்றன. ஆனால் அதே பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரமாண்டுக்கு மேற்பட்ட பதினொன்றாம் எண் சண்டி வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்தது. கல்லாலான கோயில் எச்சத்திற்கே அந்நிலை என்றால், பலகையாலும் தகரத்தாலும் ஆன லயத்திற்கு எச்சம் ஏது? அதற்கு எஞ்சியிருப்பது நினைவு மட்டுமே. அந்நினைவு முழுமையாக இருக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது, ஒன்றுகூடல் மலர்கள் மலேசியத் தமிழ் எழுத்தின் ஒரு வகையாக ஏற்கப்பட்டு, பல்கலைக்கழக நூலகங்களில் முறையாகத் திரட்டப்படவேண்டும். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனபின், சிறு ஊர்களின் செய்திகளைத் தாங்கிய பக்கங்கள் மேலும் குறைந்துவிட்டன. இந்நிலையில் மலர்களின் தேவை கூடியுள்ளது.

இரண்டாவது, இவற்றை நாவல்களோடு இணைத்துப் பயிற்றவேண்டும். மலர் தரும் சொல்வளமும் இடவிவரமும் நாவலை விளக்கும். நாவல் தரும் துணிவு மலரின் மௌனத்தைச் சுட்டிக்காட்டும். ஒன்றின்றி மற்றொன்று குறைவுடையது.

மூன்றாவது, தமிழாசிரியர்களைச் சார்ந்தது. பெயரில் இன்னும் 'தோட்டம்' என்ற சொல்லைத் தாங்கியிருக்கும் தமிழ்ப்பள்ளிகள் கெடாவில் பல உள்ளன. அவற்றில் பயிலும் பிள்ளைகளுள் தோட்டத்தைக் கண்ணால் கண்டோர் சிலரே. தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதும் கட்டுரைப் பயிற்சி பல வகுப்புகளில் உண்டு. திருவிழா எப்படி நடந்தது என்று கேட்பதோடு நில்லாமல், வீட்டை விட்டு எப்போது வெளியேறினீர்கள், எவ்வளவு பணம் கொடுத்தார்கள், எந்தக் கிணற்றில் நீர் எடுத்தீர்கள் என்றும் மாணவர் கேட்கப் பழகவேண்டும். முதியவர் விடைசொல்லத் தயங்கினால், தயங்கினார் என்பதையும் எழுதட்டும். அடுத்து எந்த மண்டபத்தில் தோட்டப்படம் வரையப்பட்டாலும் அதில் இரண்டு கிணறுகளும் இடம்பெறவேண்டும். அவ்வாறு இடம்பெற்றால் கூடல் கெட்டுவிடாது. தனிக் கிணற்றுக்குச் சென்றவர்களும் தம் ஊருக்கே வந்திருக்கிறோம் என்று உணரும் உண்மையான கூடலாக அது அமையும்.